பெக்கோ மெக்கானிக் ஆகப்போகிறவனுக்குத் திரிகோணகணிதம் எதற்கு?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் பத்தாம் தரம். பின்னேரங்களில் மாமாவின் கராஜில் நிற்கிறான், பெக்கோ என்கிற மண் அள்ளும் இயந்திரமும் டிப்பரும் திருத்துவதுதான் அவனுக்கு விருப்பம். "மடக்கை, திரிகோணகணிதம், இரசாயனச் சமன்பாடு எல்லாம் எனக்கு எதற்கு? நான் அந்த நேரத்தில் வேலை பழகலாம்" என்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது, விருப்பமில்லாத பாடத்தைப் பாடசாலை கட்டாயப்படுத்துவது சரியா என்பதுதான் கேள்வி.

வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் நீண்டகாலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை, அதாவது ஓ.எல், வரைக்கும் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும். வன்னியில் மற்ற இடங்களைவிடவும் கண்டிப்பாக வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் முதலில் அரசாங்கத்தின் மேல் விழ வேண்டும், பிள்ளையின் மேல் பிறகுதான். ஓ.எல் முடிந்த பிறகு யாரையும் எந்தப் பாடத்துக்கும் கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. "கணக்குப் படித்தால் மூளை கூர்மையாகும், பிறகு எந்த வேலைக்கும் உதவும்" என்று ஆசிரியர்கள் நாங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். இதை 1901இலேயே தோர்ண்டைக், வூட்வேர்த் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வகைப் பயிற்சியில் கிடைக்கும் திறமை, பொதுவான கூறுகள் இல்லாத வேறொன்றுக்குத் தானாகப் பாய்வது மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் கண்டது. ஆகவே உங்கள் மகனிடம் "மூளைக்கு நல்லது" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் சமாளிப்பு என்று விளங்கும்.

என் காரணம் வேறு. ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக்கினால், அதை விடுவதா படிப்பதா என்று பிள்ளை தீர்மானிக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். கொழும்பிலும் யாழ்ப்பாணம் நகரத்திலும் அப்படி நடக்கலாம். அங்கே ஆசிரியர் இருக்கிறார், ஆசிரியர் இல்லையென்றால் ரியூசன் இருக்கிறது, வீட்டில் படித்த அண்ணன் அக்கா இருக்கிறார்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், துணுக்காய்ப் பக்கம், மாந்தை கிழக்கில் நிலைமை அதுவல்ல. அங்கே விருப்பப் பாடம் என்றால் பாடசாலைதான் அதை விடும். ஆளணி குறைவான அதிபர் எந்தப் பாடத்துக்கு ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலைவார்? கட்டாயமான பாடத்துக்குத்தான் அலைவார். கட்டாயமில்லாததை நேரசூசியிலிருந்து எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த ஊரில் அந்தப் பாடத்தை விரும்பியிருக்கக்கூடிய பிள்ளைக்கு, அதை விரும்பிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

இது கற்பனை இல்லை. நம் நாட்டிலேயே நடந்தது. 1972 கல்விச் சீர்திருத்தத்துக்கு முன்னர் கிராமப்புறப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானம் கற்பிக்கப்படவே இல்லை. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகள் என்பதுதான் நிலைமை. அந்தச் சீர்திருத்தம் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் என்றது, கணிதமும் விஞ்ஞானமும் அதில் எல்லோருக்கும் கட்டாயம் என்றது. கட்டாயம் என்று எழுதிய பிறகுதான் கிராமத்துப் பாடசாலைக்கும் விஞ்ஞான ஆசிரியர் தேவை என்ற கேள்வியே எழுந்தது. அதே சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்றும் வந்தது, ஊர்த் தொழில்களைப் பாடசாலையில் படிப்பிப்பது. உங்கள் மகன் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான். நோக்கம் நல்லது, ஆனால் 1977இல் ஆட்சி மாறியபோது அது கைவிடப்பட்டது. நகரத்துப் பிள்ளை டொக்டராகவும் என் பிள்ளை இங்கேயே நிற்கவும் செய்த ஏற்பாடோ இது என்ற சந்தேகம் பெற்றோருக்கு இருந்தது. அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன்.

வன்னியில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் கூடுதல் காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலருடைய படிப்பு இடப்பெயர்வோடு நின்றது. 2009இல் போர் முடிந்த வேளை செட்டிகுளம் முகாம்களில் இருந்து பரீட்சை எழுதியவர்கள் இருக்கிறார்கள், எழுதாமலே விட்டவர்கள் இன்னும் அதிகம். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் பாடசாலைதான் ஒரே வழி. ஆனால் பெரியவர்கள், ஆசிரியர்களும் சேர்த்துத்தான், "எங்கட பிள்ளைகளுக்கு இது காணும்" என்று சொல்லப் பழகிவிட்டோம். பாசத்தில் சொல்வது என்று தெரியும். ஆனால் அந்தப் பேச்சு பிள்ளைக்குப் பதினைந்து வயதிலேயே அவனுடைய எல்லையைக் கீறிக் கொடுத்துவிடுகிறது.

சரி, மெக்கானிக்குக்கு இதெல்லாம் எங்கே தேவைப்படும் என்று கேட்பீர்கள். தொழிலுக்குள் எங்கே என்று பிறகு சொல்கிறேன். தொழிலைவிட, ஊரில் ஒரு மனிதனாக வாழ்வதற்கு எங்கே தேவைப்படும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நுண்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் அதைப் பற்றித் தெரியாத குடும்பம் இல்லை. ஒருவர் வந்து சொல்கிறார்: 50,000 ரூபாய் தருகிறோம், வட்டி 24 வீதம்தான், ஒரு வருடத்தில் மாதாமாதம் கட்டி முடியுங்கள். 24 வீதம் என்றால் 12,000 ரூபாய். மொத்தம் 62,000, மாதம் 5,167 ரூபாய். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 50,000 ரூபாய் உங்கள் கையில் வருடம் முழுக்க இருப்பதில்லை. முதல் மாதம் மட்டும்தான் முழுத்தொகை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலில் 4,167 ரூபாய் திரும்பிப் போகிறது, கடைசி மாதம் கையில் இருப்பது அந்த 4,167 மட்டும்தான். ஓ.எல் கணிதத்தில் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிப்பது என்று ஒரு பகுதி வரும். அந்த முறையில், 4,167 ரூபாயை ஒரு பங்கு என்று வைத்து, ஒவ்வொரு மாதமும் கையில் இருக்கும் பங்குகளை 12, 11, 10 என்று 1 வரை கூட்ட வேண்டும். கூட்டல் விருத்தி, விடை 78. பன்னிரண்டாயிரத்தை 78ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 154 ரூபாய். இது 4,167 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் 44 வீதத்துக்கு மேல் வருகிறது. வேறு முறையில் கணக்கிட்டால் கொஞ்சம் வித்தியாசப்படும், ஆனால் 40க்குக் கீழே வராது.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் அறிவித்தது. 24 என்று சொல்லப்படும் கடன் 35ஐத் தாண்டியிருக்கலாம் என்பது, இந்த 78ஐக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். தவணைக்கு ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது புத்தகத்தைத் திறக்க முடியாது. கையெழுத்து வைப்பதற்கு முன்னர் தெரிந்திருக்க வேண்டும்.

உரத்தின் கதையும் அதுதான். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். சேதன உரத்தில் செய்யலாம், விளைச்சல் பெரிதாகக் குறையாது என்று மேடைகளில் சொன்னார்கள். கமக்காரர்கள் அனுபவத்தில் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதுதான் நடந்தது. அதே வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டது. அந்த வாதத்தை ஓ.எல் விஞ்ஞானம் படித்த ஒருவர் ஒரு கடதாசியில் தீர்த்திருக்கலாம். யூரியாவின் மூலக்கூற்றில் காபன் 12, ஒட்சிசன் 16, இரண்டு நைதரசன் 28, நான்கு ஐதரசன் 4. மொத்தம் 60. அதில் நைதரசன் 28, அதாவது 46 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். பையில் 46 என்று அச்சடித்திருப்பது அதனால்தான். 50 கிலோ பையொன்றில் 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் நைதரசன் பொதுவாக 1 முதல் 2 வீதம். அந்த 23 கிலோவைக் கூட்டெருவிலிருந்து எடுக்க 1,150 கிலோவிலிருந்து 2,300 கிலோ வரை வேண்டும். ஒரு பை யூரியாவுக்கு ஒன்று இரண்டு தொன் எரு. அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். இவ்வளவு எருவை ஒரு போகத்துக்குள் எங்கே செய்வது, எந்த வாகனத்தில் ஏற்றுவது? இந்தக் கேள்வியை எண்களோடு மாவட்டச் செயலகக் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய கமக்காரர் ஒவ்வொரு வயற்கண்டத்திலும் பத்துப் பேர் இருந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் அடி என்றால் 43,560 கன அடி. செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வாய்க்காலில் ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் அடி போய்விடும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, குளத்தின் கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஊரெல்லாம் வாதாடியது, விசாரணையும் வந்தது. அந்த வாதத்தில் கலந்துகொள்ளும் மொழி கனவளவும் பாய்ச்சல் வீதமும்தான். தெரியாதவர் பொறியியலாளர் சொல்வதை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் கோபப்பட வேண்டும். மூன்றாவது வழி அவருக்கு இல்லை.

போர்முனையாக இருந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய பெண்களில் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள். அவர்கள் கையில் பிடித்து நடந்த உலோகம் காணும் கருவி வேலை செய்வது மின்காந்தத் தூண்டலில். விஞ்ஞானப் புத்தகத்தில் சுருளும் காந்தமும் படம் போட்டு வரும் அதே பாடம். வவுனியாவில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு கூடிப் பிள்ளைகளின் பல்லில் கறை விழுவதும், உலக சுகாதார நிறுவனம் அதற்கு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை சொல்வதும் இரசாயனம்தான். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம், வேண்டாம். நான் சொல்ல வருவது, எது தொடர்பில்லாதது என்று பதினைந்து வயதில் தெரியாது. கடனும் வெள்ளமும் உரத்தடையும் முன்னறிவித்துவிட்டு வருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் மகன் பக்கமும் நின்று பேச வேண்டும். அவன் சொல்வதில் பாதி சரி.

மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவதும் வகுப்பதும் இன்று யாருக்கும் தேவையில்லை. மடக்கை என்றால் என்ன என்ற கருத்து வேண்டும், ஏனென்றால் நிலநடுக்க அளவும் பீஎச் அளவும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் அட்டவணையில் விரல் வைத்துத் தேடும் பயிற்சிக்குச் செலவாகும் கிழமைகளை என்னிடம் விட்டால், புள்ளிவிபரத்தை வாசிக்கவும் ஏமாற்றும் வரைபடத்தைக் கண்டுபிடிக்கவும் கொடுப்பேன். கேத்திரகணிதத் தேற்றங்களின் நிறுவல்களை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கொட்டுவதும் அப்படித்தான். நிறுவுதல் என்பது அருமையான விஷயம், ஆனால் மனப்பாடம் செய்த நிறுவலில் அது இல்லை. பாடம் தேவையில்லை என்று பிள்ளைகள் சொல்லும்போது பல வேளைகளில் அவர்கள் குறை சொல்வது பாடத்தை அல்ல, அது வந்து சேர்ந்த விதத்தை. நான் மேலே சொன்ன கடன் கணக்கை ஒரு தாயின் உண்மையான தவணைப் புத்தகத்தை வைத்துச் செய்த வகுப்பில், பின்வாங்கில் படுத்திருந்த பெடியன்களும் எழும்பி இருந்து கேட்டார்கள். அதே கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடி "ஒருவர் ஒரு தொகையை" என்று தொடங்கினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். கட்டாயம் என்று சட்டம் போடுகிற அரசாங்கம் ஆசிரியரைத் தர வேண்டும். தருவதில்லை. கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்று வருபவர், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே வருகிறார். விடியப் பஸ் ஏறி ஏ9 வழியாக வந்து, பின்னேரம் திரும்பிப் போகிற ஆசிரியருக்கு மழை வந்தால் வர முடிவதில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, தங்க வசதியான விடுதி இல்லை, நான் அவரைத் திட்டமாட்டேன். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு வருடம் கணித ஆசிரியரே இல்லாத வகுப்பு, நகரத்துப் பிள்ளை எழுதும் அதே தாளை எழுதுகிறது. கணிதத்தில் சித்தி இல்லையென்றால் அரசாங்க வேலைகளில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கற்பிக்காத பாடத்துக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: கற்பித்தல் கட்டாயமாக இருக்கட்டும், சித்தியடைதலை வாழ்க்கையின் எல்லா வாசலுக்கும் சாவியாக்க வேண்டாம். ஒரு சாரதி வேலைக்கும் காவலாளி வேலைக்கும் இருபடிச் சமன்பாடு தீர்க்கும் சான்றிதழ் எதற்கு? கணக்கு வாசிக்கத் தெரியுமா, அளவு எடுக்கத் தெரியுமா என்று பார்க்கும் ஒரு எளிய பரீட்சை போதும். 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் உயர்தரத்தில் தொழிற்துறைப் பிரிவுக்குப் போகலாம் என்று வந்தது நல்ல விஷயம். வன்னியில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உயர்தரத்தில் கட்டாயம் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அங்கே வேறொரு குறை இருக்கிறது. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, 1ஏபி என்று வகைப்படுத்திய பாடசாலைகளில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இடம் ஒதுக்கியிருக்கிறது, கட்டடம் நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வதற்கான பாதை ஒன்பதாம், பத்தாம் தரத்து வகுப்பறைகளிலேயே அறுந்துபோகிறது. அந்த வயதில் கணிதத்தை விருப்பப் பாடமாக்கினால் அறுந்ததை நாமே உறுதிப்படுத்துகிறோம்.

இனி உங்கள் மகனைப் பற்றி. மெக்கானிக் ஆவது நல்ல முடிவு. பல்கலைக்கழகம் போகாதவன் தோற்றவன் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். ஆனால் அவனுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெக்கோவின் கையைத் தூக்குவது எண்ணெய் அமுக்கம். அமுக்கத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை, அவன் படிக்கிற விஞ்ஞானத்தில் உள்ளது. சிலிண்டரின் விட்டம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இது தெரிந்தவன் எந்த சீல் ஏன் போனது என்று யோசிப்பான், தெரியாதவன் சாமானை மாற்றி மாற்றிப் பார்ப்பான். வாடிக்கையாளரின் காசு போகும். மற்றது, அவன் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில், என்.வி.கியூ என்கிறார்களே, அதில் ஏறப்போகிறான். மொத்தம் ஏழு மட்டம், ஏழாவது பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டம் வரை கை வேலையில் போய்விடலாம். ஐந்தாவது டிப்ளோமா, அங்கே தொழில்நுட்பக் கணிதம் வந்து முன்னால் நிற்கும். மாமாவின் கராஜில் நல்ல வேலைக்காரராக இருந்து, அந்த இடத்தில் நின்றுவிட்ட இளைஞர்களை எனக்குத் தெரியும். முப்பது வயதில் திரும்பவும் பின்னங்களில் இருந்து தொடங்குவது கடினம், பத்தாம் தரத்தில் அவ்வளவு கடினமில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்துக்கு ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மோட்டார் வாகனப் பிரிவைப் பார்க்கட்டும், அங்கே படிப்பவர்களிடம் என்ன கணக்குத் தேவைப்படுகிறது என்று அவனே கேட்கட்டும். நானோ நீங்களோ சொல்வதைவிட ஓயில் படிந்த கையோடு ஒரு அண்ணன் சொன்னால் ஏறும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் இந்த வருடம் எத்தனை பாடவேளை நடந்தது, எத்தனை நடக்கவில்லை என்று கேளுங்கள். வாயால் கேட்பதோடு விடாமல் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் வெற்றிடம் இருந்தால் பெற்றோர் கையொப்பத்தோடு வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். பாடம் கட்டாயம் என்பதால்தான் அந்தக் கடிதத்துக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.